மசாஜ் வேலையில் இருப்பவர்கள் மேற்கொண்டு படிக்க: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் ஒரு ஸ்பாவில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. முந்தைய நாள்தான் விமானத்தில் வந்திறங்கிய ஒரு வெளிநாட்டு அம்மா, கால் வலிக்கிறது, நன்றாக அழுத்திப் பிடித்துவிடு என்று படுத்தார். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தது. தொட்டால் சூடு. நீண்ட நேரம் உட்கார்ந்து வந்ததால் சதை பிடித்திருக்கும் என்று நினைத்து எண்ணெயைக் கையில் ஊற்றிவிட்டேன். அந்த நேரம் துண்டு எடுக்க வந்த சேச்சி, கேரளாவில் முறையாகப் படித்தவர், காலைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தொடாதே, முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்றார். காலின் ஆழ்ந்த சிரையில் ரத்தம் உறைந்திருந்தது என்று மறுநாள் தெரிந்தது. நான் அழுத்தியிருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

நான்கு வருடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அமெரிக்காவில் தேசியச் சான்று வாரியத்தின் போர்டு சான்று வாங்கிய மசாஜ் தெரபிஸ்ட், 2 ஆண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரம் மேற்கொண்டு படித்ததாகக் காட்டினால்தான் அதைப் புதுப்பிக்க முடியும். இங்கே நம்மிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. நாமாகத் தேடிப் போனால்தான் உண்டு. நான் தேடிப் போனேன். இரண்டு வருடம் அலைந்து, பணத்தையும் விட்டு, கடைசியில்தான் எதை எந்த வரிசையில் செய்திருக்க வேண்டும் என்று புரிந்தது. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிற எனக்கு முடிந்ததென்றால் உங்களுக்கும் முடியும்.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

இதைச் செய்யாமல் கோர்ஸ் தேடினால் கண்ணில் பட்டதில் எல்லாம் சேருவீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு மூன்றில் ஒன்றுதான் குறியாக இருக்கும்.

ஒன்று, இப்போது இருக்கும் ஸ்பா அல்லது ரிசார்ட் வேலையில் சம்பளம் கூடவேண்டும், பெரிய ஓட்டலுக்கு மாறவேண்டும். அதற்கு அரசு அங்கீகாரம் உள்ள திறன் சான்றிதழ் ஒன்றும், கையில் நல்ல தொழிலாக ஒரு சிறப்புச் சிகிச்சையும் போதும்.

இரண்டு, ஆஸ்பத்திரி பக்கம் போகவேண்டும். இதற்குக் குறுகிய கால கோர்ஸ் எதுவும் உதவாது. தமிழ்நாட்டு அரசு சித்த மருத்துவமனைகளில் சிகிச்சை உதவியாளர் வேலைக்கு, அரசு நடத்தும் நர்சிங் தெரபி டிப்ளமாவைத்தான் கேட்கிறார்கள். அது முழுநேரப் படிப்பு. கடலூரிலோ புதுச்சேரியிலோ இல்லை, சென்னை அரும்பாக்கம், பாளையங்கோட்டை என்று போகவேண்டும். வீட்டில் தம்பி தங்கைகள் இப்போதுதான் பிளஸ் டூ முடித்து இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்பட்டால், நான் அவர்களை ஸ்பாவுக்கு அனுப்பமாட்டேன். இதற்குத்தான் விண்ணப்பிக்கச் சொல்வேன்.

மூன்று, வெளிநாடு, அல்லது கப்பல் வேலை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. காகிதங்களில் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்

நான் அதிகம் சிக்கியது இங்கேதான். கோர்ஸ் தேடும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

வேண்டியவை: ஆதார், பத்தாம் வகுப்பு மார்க்ஷீட், டிசி, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், நான்கைந்து பாஸ்போர்ட் அளவு போட்டோ, வேலை அனுபவக் கடிதம். சில இடங்களில் சாதிச் சான்றிதழும் கேட்பார்கள்.

இப்போது எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, பெயரை மட்டும் ஒவ்வொன்றிலும் படித்துப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல்தான் தொல்லை. மார்க்ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக முன்னால் நிற்கும், பாஸ்புக்கில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியல் வந்திருக்கும். நேரில் பார்த்தால் மூன்றும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்கள். திறன் பயிற்சிப் பதிவு முழுக்க ஆதார் வழியாக நடப்பதால் சான்றிதழில் ஆதாரில் உள்ள பெயர்தான் அச்சாகும். பிறகு மார்க்ஷீட்டோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

ஆதாரை மார்க்ஷீட்டுக்கு ஏற்றபடி திருத்துவதுதான் சுலபம். ஆதார் சேவை மையத்தில் பெயர்த் திருத்தத்துக்கு 75 ரூபாய். ஆனால் கவனம், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. மையத்தில் டைப் செய்பவர் அவசரத்தில் இருப்பார். அச்செடுத்துத் தரும் சீட்டில் ஒவ்வொரு எழுத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய், இரண்டாவது வாய்ப்பையும் அதற்கே செலவழித்தேன்.

ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தால் ஓடிபி வராது, பதிவு அங்கேயே நின்றுவிடும்.

அனுபவக் கடிதம் கேட்டால் பல ஸ்பா முதலாளிகள் தரமாட்டார்கள். வேறு இடம் போய்விடுவோம் என்ற பயம். அப்படியானால் சம்பளம் வங்கியில் வரவான பக்கங்கள், சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் பாஸ்புக் இவற்றை எடுத்து வையுங்கள். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குபவர்கள் அடுத்த மாதத்திலிருந்தாவது வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். அனுபவத்துக்கு அதுவே சாட்சி.

இன்னொன்று, எல்லைக் கதை. ரெட்டிச்சாவடி தாண்டினால் வேறு அரசாங்கம் என்பது தினமும் போய்வரும் நமக்கு மறந்தே போகும். புதுச்சேரி அரசின் இலவசப் பயிற்சிக்குக் கடலூர் ஆதார் செல்லாது. தமிழ்நாட்டுத் திட்டத்துக்குப் புதுச்சேரி முகவரியும் அப்படித்தான். புதுச்சேரியில் படிப்புச் சலுகைகளுக்கு ஐந்து வருடம் தொடர்ந்து வசித்ததற்கான சான்று கேட்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் இருப்பிட, சாதிச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். மத்திய அரசுத் திட்டங்களுக்கு இந்த எல்லைத் தொல்லை குறைவு. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள், புதுச்சேரி சலுகைகள் அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

3. செய்கிற வேலைக்கே சான்றிதழ் வாங்குங்கள்

ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு ஆர்.பி.எல். என்று ஒரு வழி இருக்கிறது. முன்பே கற்ற திறனை அங்கீகரிப்பது. மாதக்கணக்கில் வகுப்பில் உட்காரத் தேவையில்லை. சிறிய அறிமுக வகுப்பு, பிறகு தேர்வு, தேறினால் சான்றிதழ். பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தின் கீழ் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் இதில் சேரலாம். புதிதாகத் தொழில் கற்பவர்களுக்கான குறுகிய காலப் பயிற்சிக்கு வயது 15 முதல் 45. இரண்டுமே இலவசம். யாராவது பதிவுக்கட்டணம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் என்ற தளத்தில் கைபேசி எண்ணையும் ஆதாரையும் வைத்து முதலில் பதிவு செய்யவேண்டும். அழகு மற்றும் ஆரோக்கியத் துறைத் திறன் கவுன்சிலின் கீழ்தான் நம் வேலை வருகிறது. அதில் உதவி ஸ்பா தெரபிஸ்ட், ஸ்பா தெரபிஸ்ட் என்று இரண்டு வேலைப் பெயர்கள் உண்டு. ஐந்தாறு வருடம் தொழில் செய்தவர்களையும் கூட்டம் சேர்க்கும் அவசரத்தில் உதவியாளர் பட்டியலில் போட்டுவிடுவார்கள். படிவத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சை செய்பவர்களுக்குப் பஞ்சகர்மா டெக்னீஷியன் என்று தனி வேலைப் பெயர் இருக்கிறது. அது சுகாதாரத் துறைத் திறன் கவுன்சிலின் கீழ் வருவது.

தேர்வில் அழுத்தம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதைவிட, அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். வந்தவரிடம் உடல்நிலை கேட்டுக் குறித்துக்கொண்டீர்களா, கை கழுவினீர்களா, துண்டால் சரியாகப் போர்த்தினீர்களா, வேலை முடிந்ததும் டேபிளைச் சுத்தம் செய்தீர்களா. தொழிலில் கெட்டிக்காரர்களான என் தோழிகள் இருவர் இதில்தான் மதிப்பெண் இழந்தார்கள். எனக்குக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்டார்கள். ஆங்கிலம் தெரியாது என்று தயங்கவேண்டாம்.

நேரத்தைப் பற்றி: பேட்ச் எப்போதும் திறந்திருக்காது. நான் பதிவு செய்த பிறகு அழைப்பு வர நான்கு மாதம் ஆனது, தேர்வு முடிந்து சான்றிதழ் வர இன்னும் இரண்டு மாதம். வந்ததும் டிஜிலாக்கரில் இறக்கி, க்யூஆர் குறியீட்டை உங்கள் கைபேசியிலேயே ஸ்கேன் செய்து பாருங்கள். பெயரும் வேலைப் பெயரும் திரையில் வந்தால்தான் அது உண்மையான சான்றிதழ்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்தியன் வங்கி நடத்தும் சுயதொழில் பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. பயிற்சி இலவசம், மதியச் சாப்பாடும் தருவார்கள். மசாஜுக்கென்று அங்கே தேடாதீர்கள். அழகுநிலையப் பயிற்சிதான் நமக்குப் பக்கத்தில் வரும். தலை, முகம் மசாஜோடு கணக்கு எழுதவும் வங்கிக் கடன் கேட்கவும் சொல்லித் தருவதால், தனியாகக் கடை போட நினைக்கும் பெண்களுக்கு நல்லது.

கைத்தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் நமக்கும் பணம் உண்டு என்று சொல்லி வருபவர்களை நம்பாதீர்கள். அதில் உள்ளவை 18 தொழில்கள். முடிதிருத்துபவர் இருக்கிறார், மசாஜ் இல்லை.

4. உடற்கூறியலையும் முதலுதவியையும் தள்ளிப்போடாதீர்கள்

ஆடம்பரமான பெயருள்ள மசாஜ் எதையும் கற்கும் முன் இந்த இரண்டும் வேண்டும். அந்த வெளிநாட்டு அம்மாவின் காலுக்குப் பிறகு இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

நமக்கென்று மாலைநேர உடற்கூறியல் வகுப்பு நடத்தும் கல்லூரி எதையும் நான் இங்கே கண்டுபிடிக்கவில்லை. பிசியோதெரபி பட்டப்படிப்பு கோரிமேடு அன்னை தெரசா கல்லூரியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, ஆனால் அது முழுநேரப் படிப்பு. அஞ்சல் வழியில் பிசியோதெரபி என்று யாராவது சேர்க்கை நடத்தினால் நிச்சயம் சேராதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தவே அனுமதிப்பதில்லை.

நாங்கள் வேறு வழி செய்தோம். ஆறு பேர் சேர்ந்து, திருப்பாதிரிப்புலியூரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் அண்ணனிடம் போய்க் கேட்டோம். பத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தோம். முதல் நாள் எலும்புகள், அடுத்து தோள், அடுத்து முதுகு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதி. எங்கள் உடம்பிலேயே தொட்டுக் காட்டினார். கழுத்தின் முன்பக்கம் ஏன் அழுத்தக்கூடாது, முழங்காலின் பின்குழியில் ஏன் கட்டைவிரல் வைக்கக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. சான்றிதழ் எதுவும் கிடையாது. ஆனால் என் வாழ்க்கையில் நான் செலவழித்த பணத்தில் அதைவிட உருப்படியானது இல்லை. நீங்களும் இப்படி ஒரு பேட்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளினிக் வைத்திருப்பவர்கள் நாம் நினைப்பதுபோல் முகம் சுளிப்பதில்லை, மரியாதையாகக் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்லித் தருகிறார்கள்.

வீட்டில் படிக்க, தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் தமிழ்வழிப் புத்தகம் போதும். தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம், எலும்பும் தசையும், நரம்பு மண்டலம் ஆகிய மூன்று பாடங்களை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

யாரைத் தொடக்கூடாது என்ற பட்டியலைக் கற்றுக்கொண்டு டேபிள் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒற்றைக் கால் வீக்கமும் சூடும், காய்ச்சல், பரவும் தோல் நோய், புதிய எலும்பு முறிவு, சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆழ்ந்த அழுத்தம் கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடான கிழியோ கல்லோ வைத்தால் சுடுவதே தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடே இல்லை என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் என்றால் அவர்களுடைய மருத்துவரின் சம்மதம் வேண்டும்.

முதலுதவிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் இரண்டும் மாவட்ட அளவில் வகுப்பு நடத்துகின்றன. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் சீக்கிரம் தேதி தருவார்கள். செயின்ட் ஜான் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். பெரிய ஓட்டல்களிலும் கப்பல்களிலும் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை கேட்டால் அது வேறு, மருத்துவக் கல்லூரிகளின் பயிற்சி மையங்களில் ஒரு நாள் வகுப்பாக நடப்பது, இரண்டு வருடம் செல்லும். முதலுதவிச் சான்றிதழை வைத்துக்கொண்டு பி.எல்.எஸ். இருக்கிறது என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். இரண்டையும் குழப்பி ஒரு தம்பிக்குக் கப்பல் வேலை கைநழுவியது.

5. கையில் ஒரு சிறப்பு

இதற்குப் பிறகுதான் புது முறைகளுக்குப் பணம் செலவழிக்கவேண்டும். வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற இடம் நமக்குப் பஸ் தூரத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

ஆரோவில்லில் கடற்கரையை ஒட்டி இருக்கும் க்வயட் ஹீலிங் சென்டரில் வெதுவெதுப்பான நீரில் மிதக்கவைத்துச் செய்யும் வாட்சு, தண்ணீருக்கடியிலும் செய்யும் ஓபா, தரையில் செய்யும் தாய் யோகா மசாஜ் ஆகியவற்றுக்குத் தொழில்முறைப் பயிற்சிகள் நடக்கின்றன. உலகம் முழுவதிலிருந்தும் ஆசிரியர்கள் வருகிறார்கள். வாட்சுவில் பேசிக் முடித்த பிறகுதான் வாட்சு 1, அதன் பிறகு 2 என்று படிப்படியாகப் போகமுடியும், நேரே மேலே குதிக்க முடியாது. வகுப்பு ஆங்கிலத்தில். பேச வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டால் புரியும் அளவுக்கு இருந்தால் சமாளிக்கலாம், ஏனென்றால் பாதிக்கு மேல் செய்துகாட்டித்தான் கற்றுத்தருகிறார்கள். தண்ணீர் பயம் இருந்தால் இது வேண்டாம். கட்டணம் நமக்குப் பெரிய தொகைதான். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை உண்டா, தவணையில் கட்டலாமா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்காததால் நான் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். ஆரோவில்லின் வெரிதே, பித்தாங்கா போன்ற இடங்களிலும் யோகா, உடல் சிகிச்சை சம்பந்தமான குறுகிய பட்டறைகள் நடப்பதுண்டு. சேர்வதற்கு முன் ஒரு நாள் சும்மா போய் இடத்தைப் பாருங்கள்.

யோகா பக்கம் போக நினைப்பவர்களுக்குக் கடலூர் சாலையிலேயே, பிள்ளையார்குப்பத்தில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீட பல்கலைக்கழகத்தில் யோகா சிகிச்சைப் படிப்புகள் இருக்கின்றன. முதுநிலை டிப்ளமாவுக்கு டிகிரி வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் யோகா படிப்புகள் உண்டு.

தொக்கணம் என்ற நம்முடைய சித்த மசாஜைப் பற்றியும் சொல்லவேண்டும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சித்த மருத்துவத்தில் இருக்கிறது. ஸ்வீடிஷ் மசாஜின் ஐந்து அசைவுகளை மனப்பாடமாகச் சொல்லும் நமக்கு இது தெரிவதில்லை. என் அம்மாவின் மூட்டுவலிக்காகப் புதுச்சேரி குயவர்பாளையத்தில் உள்ள மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனபோதுதான் நான் இதைக் கவனிக்கத் தொடங்கினேன். முறையாகக் கற்க, பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வதுதான் நல்ல வழி. மூன்று நாளில் வர்மம் கற்றுத்தருகிறேன் என்று வரும் விளம்பரங்களை நம்பவே வேண்டாம். வர்மப் புள்ளியில் கை தவறினால் எதிரில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை மூன்று நாளில் யாராலும் கற்றுத்தர முடியாது. எந்தச் சான்றிதழ் வாங்கினாலும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடாதீர்கள். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பது குற்றம்.

6. பணம் கட்டும் முன் கேட்கவேண்டியவை

நான் 18,000 ரூபாய் ஏமாந்த கதை இது. சர்வதேச டிப்ளமா, ஐந்து நாள் வகுப்பு என்றார்கள். முதல் இரண்டு நாள் திரையில் படம் ஓடியது. மூன்றாவது நாள் எண்ணெய் விற்றார்கள். டேபிளில் கை வைத்தது மொத்தமாக மூன்று மணி நேரம் இருக்கும். தங்க எழுத்தில் சான்றிதழ் தந்தார்கள், அதில் எண் இல்லை, சரிபார்க்க முகவரி இல்லை. அடுத்த வேலைக்கான நேர்முகத்தில் அதைப் பார்த்த மேலாளர் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்க என் வளையலை அடகு வைத்திருந்தேன்.

அதனால் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்: மொத்த மணி நேரத்தில் கை வைத்துச் செய்யும் நேரம் எத்தனை? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? சான்றிதழை எந்த அமைப்பு தருகிறது, அதன் எண்ணை எங்கே சரிபார்ப்பது? அரசு அங்கீகாரம் என்றால் பயிற்சி மையத்தின் எண் என்ன? இடையில் நின்றால் பணம் திரும்புமா? எண்ணெய், துண்டு, புத்தகம் கட்டணத்துக்குள் அடக்கமா? அமெரிக்காவில் செல்லும் மணி நேரங்கள் என்று சொன்னால், அந்த நாட்டு வாரியம் இந்த ஆசிரியரை அங்கீகரித்திருக்கிறதா? முன்பு படித்த இரண்டு பேரின் எண்ணைத் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கே சேராதீர்கள்.

பெண்களுக்கு இன்னும் சில. பயிற்சியில் நாம் மாடலாகப் படுக்கவேண்டியிருக்கும். யாரோடு ஜோடி போடுவார்கள், உடை மாற்ற இடம் உண்டா, போர்த்தும் முறையை முதல் நாளே கற்றுத்தருவார்களா என்று கேளுங்கள். பெண்ணோடுதான் பயிற்சி செய்வேன் என்று சொல்வது உங்கள் உரிமை. அதைச் சொல்லி முகம் மாறினால் கட்டிய பணத்தை விட்டாவது வெளியே வாருங்கள். ஸ்பா என்ற சொல்லைக் கேட்டாலே தவறாகப் பார்க்கும் ஊரில், கண்ணியமாகக் கற்றுத்தரும் இடத்தில் படித்தோம் என்பதே நமக்கு ஒரு பாதுகாப்பு.

7. உண்மையான செலவைக் கணக்கிடுங்கள்

கட்டணம் மட்டும் செலவு அல்ல. நாள் ஒன்றுக்குச் சம்பளமும் கமிஷனும் டிப்ஸும் சேர்த்து 800 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். ஆறு நாள் வகுப்பு என்றால் 4,800 ரூபாய் வராமல் போகும். கடலூரிலிருந்து புதுச்சேரி, அங்கிருந்து ஆரோவில் பக்கம் என்று இரண்டு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும். மதியச் சாப்பாடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏதாவது. எல்லாம் சேர்த்தால் 10,000 ரூபாய் கோர்ஸ் 16,000, 17,000 என்று நிற்கும். அந்தத் தொகை கையில் இருக்கும்போது சேருங்கள். வட்டிக்கு வாங்கிச் சேராதீர்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் குறைந்த வட்டியில் உள்கடன் கேட்கலாம். நான் வாட்சு பேசிக்குக் குழுக் கடன்தான் எடுத்தேன். எட்டு மாதத்தில் அடைத்தேன்.

முதலாளியிடம் பாதிக் கட்டணம் கேட்டும் பாருங்கள். கொடுத்தால், இத்தனை மாதம் வேலையை விடக்கூடாது என்று எழுதி வாங்குவார்கள். ஆறு மாதம் சரி, இரண்டு வருடம் என்றால் வேண்டாம். அசல் மார்க்ஷீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் எந்தக் காரணத்துக்கும் சம்மதிக்காதீர்கள்.

8. எந்த மாதத்தில்

டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டு ஆசிரியர்கள் அதிகம் வரும் காலம், நல்ல பட்டறைகளும் அப்போதுதான். ஆனால் நமக்கும் அதுதான் சீசன், லீவு கேட்டால் கிடைக்காது. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அட்டவணையைக் கேட்டு வாங்கி, வாரநாள்களில் நடக்கும் வகுப்பாகத் தேர்ந்தெடுத்து, அப்போதே லீவு சொல்லிவிடுங்கள். புதுச்சேரியில் கூட்டம் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரைதான், செவ்வாய் புதன் என்றால் மேலாளர் இறங்கி வருவார்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை காகித வேலைகளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்காக இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். ஜூலைக்கு மேல் போனால் அரை மணியில் வேலை முடியும்.

அக்டோபர் பாதியிலிருந்து மழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, எங்களோடு படித்த ஒருத்தி வீட்டில் மார்க்ஷீட், டிசி எல்லாம் நனைந்து மையாகப் போய்விட்டது. நகல் வாங்க அவள் பள்ளிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் மாதக்கணக்கில் நடந்தாள். செப்டம்பருக்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். அசலை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வையுங்கள், பீரோவின் அடித்தட்டில் வேண்டாம்.

9. வெளிநாடு, கப்பல் என்று இருப்பவர்களுக்கு

அங்கே ஐடெக், சிடெஸ்கோ, சிப்டாக் போன்ற சர்வதேச அமைப்புகள் தரும் அழகு, ஸ்பா டிப்ளமாக்களுக்கு மதிப்பு அதிகம். கடலூரிலோ புதுச்சேரியிலோ அவற்றைத் தருவதாகச் சொன்னால், அந்த அமைப்பின் தளத்தில் அந்தப் பயிற்சி மையத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தனியாக வாங்கவேண்டும். தேறியவர்கள் பாஸ்போர்ட் எடுக்கும்போதே மார்க்ஷீட்டைக் காட்டிவிடுங்கள்.

சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல வெளியுறவுத் துறை உறுதிசெய்து தரும் முத்திரைதான் அப்போஸ்டில். அதன் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், மீதியெல்லாம் ஏஜென்சியின் சேவைக் கட்டணம். ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஓமான், பஹ்ரைன், சவுதிக்கு அப்போஸ்டில் போதும். துபாய்க்குத் தூதரக முத்திரையும் வேண்டும், அதற்குக் கூடுதல் நாளும் பணமும் ஒதுக்குங்கள்.

10. படித்ததைக் குறித்து வையுங்கள்

40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, எங்கே, யாரிடம், எத்தனை மணி நேரம், என்ன கற்றேன், எவ்வளவு செலவு. சான்றிதழ் இல்லாத அந்தப் பத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் நான் இதில் எழுதி, பிசியோதெரபிஸ்ட் அண்ணனிடம் கையெழுத்தும் கிளினிக் சீலும் வாங்கிக்கொண்டேன். போன வருடம் ஒரு ரிசார்ட்டில் நேர்முகத்துக்குப் போனபோது, ஃபைலைப் புரட்டிய அம்மா இந்த நோட்டில்தான் நின்றார். ஒற்றைக் கால் வீங்கி வருபவரை என்ன செய்வாய் என்று கேட்டார். சொன்னேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.